முத்துக் குளிப்பவர், ஆண்டு தெரியவில்லை

துபாயில் தேராப் பகுதியில் அப்ரா படகுகள் வந்து நிற்கும் துறைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு இருக்கிறது. பழைய வீடு என்றால், பழைய வீடு இருந்த இடத்தில் அதே மாதிரி புதிதாகக் கட்டிய வீடு. பவளக்கல் தெரியும் சுவருக்குள் சிமெண்ட்டும், மரக்கட்டை தெரியும் கூரைக்கு மேல் ஏ.சி. குழாயும் ஓடும். அதற்குப் பாரம்பரிய இல்லம் என்று பெயர் வைத்து, நுழைய டிக்கெட் போட்டு, வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விதிப்பலகையையும் நட்டிருந்தார்கள். ஃபிளாஷ் போடக் கூடாது. முக்காலி கூடாது. செல்ஃபிக் குச்சி கூடாது. ட்ரோன் கூடாது. கேட்காமல் பெண்களைப் படமெடுக்கக் கூடாது. கல்யாண ஜோடிகள் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒருவரை ஒருவர் கனவோடு பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. சீருடையில் இருக்கும் ஊழியர்களை எடுக்கக் கூடாது. மூன்றாம் கூடத்தில் எதையுமே எடுக்கக் கூடாது. அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, படிக்காதவர்களுக்காகக் குறுக்குக்கோடு போட்ட கேமரா பொம்மையும் வரைந்திருந்தார்கள். பொம்மையையும் பார்க்காதவர்களுக்காகப் பொன்னுச்சாமி இருந்தார்.

பரமக்குடிப் பக்கத்துக்காரர். அந்த வேலைக்கு அவரிடமிருந்து தேவைப்பட்டது வலது கை ஒன்றுதான். யாராவது ஃபோனைத் தூக்கினால் இவர் உள்ளங்கையைத் தூக்குவார். 'நோ ஃபோட்டோ, மேடம்.' 'ஃபோட்டோ நஹி, பாய்.' கோபம் கிடையாது, குழைவும் கிடையாது. ரயில்வே கேட் போல அந்தக் கை எழும்பும்; ஃபோன் தாழும். வருடக்கணக்கில் இதையே செய்து செய்து, கை மூளையைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டலாம். பழகிய கையைக் கழற்ற முடியாது. லீவில் ஊருக்குப் போனாலும் அது கூடவே போனது. மச்சான் பிள்ளைக்குக் காதுகுத்து என்று எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், எவனாவது ஃபோனைத் தூக்குவான், எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள், இவர் மட்டும் உள்ளங்கையைக் காட்டுவார். 'துபாய்க்காரரு ஆசீர்வாதம் பண்றாருய்யா' என்று ஊரே சிரிக்கும். அவரும் கூச்சத்தோடு கையை இறக்குவார். அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.

அந்தப் பொன்னுச்சாமி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தொழிலாளர் கேம்ப் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் வீரபாண்டி. முதுகுளத்தூர்க்காரர், அதே ரூம், கட்டிலில் மேல்தட்டு, அதே பாரம்பரிய இல்லத்தில் அதே செக்யூரிட்டி வேலை. ஆம்புலன்ஸ், போலீஸ், ஆஸ்பத்திரி என்று அன்று முழுக்க அலைந்தவரும் அவர்தான். மறுநாள் பொன்னுச்சாமியின் மகள் ஜோதிமணி ஊரிலிருந்து கூப்பிட்டாள். காலேஜில் படிக்கிற பெண். அழுது முடித்த தொண்டையோடு, ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"சித்தப்பா, அப்பாவோட ஃபோட்டோ ஒண்ணு அனுப்புங்க. ஃபிளக்ஸ்காரரு கேக்குறாரு."

"உங்கிட்ட இல்லையாம்மா?"

"இருக்கு. எல்லாத்துலயும் கைதான் இருக்கு."

வீரபாண்டி ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"கை நல்லா விழுந்திருக்கு சித்தப்பா. ரேகைகூடத் தெரியுது. மொகந்தான் இல்ல."

"பாஸ்போர்ட்டுல இருக்குமேம்மா."

"அதப் போட வேணாங்குது அம்மா. போலீஸு தேடுற ஆளு மாதிரி இருக்காராம். கல்யாணப் படத்துல இருந்து அப்பாவ மட்டும் வெட்டி எடுத்துக்குறேன்னு ஃபிளக்ஸ்காரரு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் தோளோட தோளு ஒட்டி இருக்கு. கத்திரி வைக்கக் கூடாதுன்னு அம்மா அதத் தூக்கி பீரோவுல வச்சுப் பூட்டிருச்சு."

"மதினிகிட்ட குடும்மா, நான் பேசுறேன்."

"அது யார்கூடவும் பேசல." மூக்கை உறிஞ்சினாள். "நாளாயிரும்ல, அதனால பெட்டியத் தொறக்கவே வேணாம்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அப்ப மொகம் பாக்க முடியாதுல்ல. சிரிச்ச மாதிரி ஒரு படம் இருந்தா அனுப்புங்க சித்தப்பா. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வீடியோ கால்ல எப்பவும் நெத்தியும் ஃபேனும்தான் தெரியும்."

அது உண்மைதான். பொன்னுச்சாமி ஃபோனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்தபடி பேசுவார். பார்க்கிறவர்களுக்கு நெற்றி ஒரு வயல் மாதிரி தெரியும், அதற்கு மேல் ஃபேன் சுற்றும். மகளுக்கு அப்பா என்றால் அவ்வளவுதான். இப்போது அந்த ஃபோன் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் கோலத்தை எப்படி இழுப்பது என்று தெரிந்த ஒரே விரல் பிணவறையில் இருக்கிறது.

வீரபாண்டி நேராகக் கௌஸ் முகம்மது கடைக்குப் போனார். கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர். தேராவில் மசாலாக் கடைகள் முடிகிற முடுக்கில், பாஸ்போர்ட் ஃபோட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன் என்று ஒரு தீப்பெட்டி அளவு கடை. அந்த வட்டாரத்துத் தமிழர்கள் எல்லோரும் அவருடைய வெள்ளைத் திரை முன்னால் ஒரு தடவையாவது விறைத்துக்கொண்டு நின்றவர்கள்.

"பொன்னுச்சாமியா?" என்றார் கௌஸ் முகம்மது. கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்தார். விசாவுக்கு எடுத்த படம். முகத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆள்தான் இல்லை.

"சிரிக்காதீய, வாயத் தொறக்காதீய, அசையாதீயன்னு நாந்தான தம்பி சொன்னேன். விசாவுக்கு அப்படித்தான் கேக்குறாக."

பிறகு கௌஸ் முகம்மதுக்கு ஒரு யோசனை வந்தது. சுற்றுலா வந்து போகிறவர்கள் தாங்கள் பார்த்த இடங்களுக்கு நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுகிற பக்கங்கள் உண்டு. ஊர் உலகத்தில் யாரும் கேட்காத கருத்து, ஆனாலும் எழுதுவார்கள். அவற்றைத் திறந்து பாரம்பரிய இல்லத்தின் பெயரைப் போட்டார். படங்கள் கொட்டின. கதவு, ஜன்னல், கதவின் குமிழ், மறுபடியும் கதவு. நடுநடுவே பொன்னுச்சாமி வந்தார். ஒரு அம்மாள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'இந்த ஆள் எங்களை ஒரு படம்கூட எடுக்க விடவில்லை' என்று எழுதி, சாட்சிக்கு அவர் படத்தையே எடுத்துப் போட்டிருந்தாள். அதிலும் கை. ரஷ்ய மொழியில் ஒரு திட்டு, அதே கை. இந்தியில் ஒன்று, அதே கை.

"இத்தன நாட்டுக்காரன் எடுத்திருக்கான், ஒருத்தனுக்கும் மொகம் கெடைக்கல பாரு" என்றார் கௌஸ் முகம்மது. "மனுசன் டூட்டிய அப்படிப் பாத்திருக்காரு."

வீரபாண்டி கதவுப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஒண்ணு இருக்கு பாய். எடுக்க விடமாட்டாங்க."

அது மூன்றாம் கூடத்துப் படம்.

இல்லத்தைத் திறப்பதற்கு முன், மூன்றாம் கூடத்தில் பழங்காலப் புகைப்படங்களை வைப்பது என்று தீர்மானித்தார்கள். யார் யாரிடமோ இரவல் வாங்கியும் கிடைத்தவை அஞ்சலட்டை அளவில் கொஞ்சம்தான். கடைசிச் சுவர் காலியாக நின்றது. இல்லத்துக்குப் பொறுப்பாளர் விஷால் என்பவர். அப்பா அம்மா கும்பகோணம். இவர் பிறந்தது படித்தது எல்லாம் இங்கேயே. 'பார்வையாளர் அனுபவத் தலைவர்' என்று அவர் அறைக்கதவில் போட்டிருக்கும். அவர்தான் அந்தச் சுவருக்கு ஒரு முத்துக் குளிப்பவர் வேண்டும் என்று முடிவு செய்தார். ஏஜென்சியிலிருந்து பையன்கள் வந்தார்கள். உடற்பயிற்சி செய்த நெஞ்சு, ஒழுங்குபடுத்திய தாடி, புருவத்தில்கூட ஒரு வெட்டு. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த படக்காரர் அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வெளியே சிகரெட் பிடிக்கப் போனார். வாசலில் பொன்னுச்சாமி நின்றார். கறுப்பு, ஒல்லி, கழுத்தில் நரம்பு, வெயில் தின்ற கன்னம். சிகரெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, 'வரலாறு வாசலில் நிற்கிறது' என்று படக்காரர் சொன்னாராம். வரலாறு கண்மாயில் முங்கிக் குளித்திருக்கிறதே தவிர கடலில் கால் நனைத்ததில்லை.

இடுப்பில் வெள்ளைத் துண்டு, தலையில் ஒரு கட்டு, கழுத்தில் வலைக்கூடை, நூலில் தொங்கும் மூக்குக் கவ்வி. எல்லாம் மாட்டி நிறுத்தினார்கள். பொன்னுச்சாமி விசாவுக்கு நிற்பது போலவே நின்றார். கடலை நினைத்துக்கொள், அலையை நினைத்துக்கொள் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் முத்து என்று ஒன்றை வைத்தார்கள். அதைப் பார்த்தார், சிரித்துவிட்டார். வாய் நிறையச் சிரிப்பு, கண் சுருங்கி, தோள் குலுங்கி. அந்தக் கணத்தில் எடுத்த படம்.

அதைப் பழுப்பு நிறமாக்கி, சுவர் முழுக்க ஆளுயரத்துக்குப் பதித்து, கீழே பித்தளையில் எழுதினார்கள்: 'முத்துக் குளிப்பவர். ஆண்டு தெரியவில்லை. எடுத்தவர் பெயர் தெரியவில்லை.' அந்தப் பலகையைத் திருகும்போது, எடுத்தவர் அடுத்த அறையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பொன்னுச்சாமிக்கு மூன்றாம் கூடத்திலேயே டூட்டி போட்டார்கள். தன் படத்துக்குப் பக்கத்தில், தன் படத்தை யாரும் எடுத்துவிடாமல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. சீருடை போட்ட மனிதனின் முகத்தை யார் பார்க்கிறார்கள். ஒருமுறை வெளிநாட்டு மூதாட்டி ஒருவர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். எவ்வளவு கடினமான வாழ்க்கை, அதிலும் என்ன சிரிப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, காலித் தண்ணீர் பாட்டிலைப் பொன்னுச்சாமியிடம் நீட்டினார், குப்பையில் போடச் சொல்லி.

அன்று ராத்திரி ரூமில் பொன்னுச்சாமி இதைச் சொன்னபோதும் சிரிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான்.

வீரபாண்டி விஷாலின் அறைக்குப் போனார்.

"ரொம்ப ஸாரி, பாண்டி" என்றார் விஷால். நல்லவிதமாகத்தான் சொன்னார். "நம்ம ஹெரிடேஜ் ஃபேமிலில ஒருத்தர் அவரு."

"அந்த மூணாங் கூடத்துப் படம் சார். அவரு பொண்ணு கேக்குது. அதோட காப்பி ஒண்ணு."

"பாண்டி, அது பொன்னுச்சாமி இல்ல."

"சார்?"

"அது முத்துக் குளிக்கிறவர்."

"நீங்களும் நானும் அங்கதான சார் நின்னோம். வெளிச்சத்துக்கு வெள்ளி அட்டைய நாந்தான் பிடிச்சேன்."

"நின்னோம். ஆனா விசிட்டரோட மனசுல அது ஒரு காலம். அத நீங்க ஊருக்கு அனுப்பி, அவங்க ஃபிளக்ஸ்ல போட்டு, எவனாவது ஃபேஸ்புக்ல ஏத்தி, இது எங்க பக்கத்து வீட்டு மாமான்னு எழுதிட்டா, அந்தக் காலம் என்ன ஆகும்?"

அந்தக் காலம் என்ன ஆகும் என்று வீரபாண்டிக்குத் தெரியவில்லை.

"ஒரு மெயில் போடுங்க. கமிட்டில வைக்கிறேன். ஒரு மாசம் பிடிக்கும்."

"பாடி வியாழக்கிழமை போகுது சார்."

விஷால் உண்மையாகவே யோசித்தார். மனிதர் கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம். "ஒண்ணு செய்யலாம். அவரோட சேவையப் பாராட்டி ஒரு சர்டிஃபிகேட் தரலாம். ஃபிரேம் போட்டே தரலாம்."

"அதுல படம் இருக்குமா சார்?"

"பேரு இருக்கும்."

அன்று மாலை வீரபாண்டி கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். டூட்டியில் ஏறும்போதே ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தன்னால் எடுக்க முடியாது என்றும் சொன்னார். கௌஸ் முகம்மது லேமினேஷன் இயந்திரத்தை அணைத்தார்.

"வெளிய இருந்து வர்றவன் எடுக்கலாம்ல?"

"எடுக்கக் கூடாது பாய். நான் தடுக்கணும்."

"நீ தடு. நான் எடுக்குறேன்."

மறுநாள் காலை, கடைக்கு எதிர்ச் சந்திலேயே இருக்கும் அந்த இல்லத்துக்குள் கௌஸ் முகம்மது முதன்முறையாக நுழைந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர், தொப்பி. டிக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வந்தப்ப இந்தப் பக்கம் பூரா இப்படித்தாம்மா இருந்துச்சு. சும்மாவே விட்டாக" என்று டிக்கெட் கொடுத்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் தமிழில் சொன்னார். அவள் 'வெல்கம் சார்' என்றாள்.

மூன்றாம் கூடத்தில் மூலைக்கு மூலை கண்காணிப்புக் கேமரா. வேறு ஆட்கள் இல்லாத நேரம். கௌஸ் முகம்மது கடைசிச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். ஃபோனை எடுக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யா அல்லா. இந்த மனுசனா எங் கடையில வந்து அப்படி நின்னாரு."

"சீக்கிரம் பாய்."

ஃபோன் எழும்பியது. வீரபாண்டியின் கையும் எழும்பியது. "நோ ஃபோட்டோ, ஹாஜி" என்று கேமராவுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்தக் கேமராவுக்குக் காது இல்லை என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

"கையக் கொஞ்சம் எறக்குய்யா. மொகத்துல விழுது."

"எறக்குனா எம் வேல போயிரும் பாய்."

"அப்ப இந்தப் பக்கமாத் தூக்கு. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்படியே நில்லு."

கையைத் தூக்கியபடி வீரபாண்டி நின்றார். அசையக் கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் நன்றாகவே வந்திருந்தது. ஓரத்தில் வீரபாண்டியின் இரண்டு விரல் நுனிகள் விழுந்திருந்தன. அழித்துவிடவா என்று கௌஸ் முகம்மது கேட்டார். நேரமில்லை, அப்படியே அனுப்புங்கள் என்றார் வீரபாண்டி. பிறகு ஜோதிமணியின் குரல்பதிவு ஒன்று வந்தது.

"முன்பல்லுல எடவெளி இருக்கு சித்தப்பா. எனக்கும் இருக்கு. யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியல இத்தன நாளா."

வியாழக்கிழமை பெட்டி போனது. வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஊருக்குள் வந்தது. வீரபாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. கேம்பில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தார். யாரோ ஃபோனைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தெருமுக்கில் ஃபிளக்ஸ் தெரிந்தது. வீரபாண்டிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். படத்தைப் பார்த்த பெரியப்பா, 'இதென்ன தலையில துணியும் இடுப்புல துண்டும், அங்க போயி மதம் மாறிட்டானா?' என்று ஆரம்பித்தார். மதம் இல்லை, வேஷம் என்று ஜோதிமணி சொன்னாள். வேஷம் என்றால் இன்னும் கேவலம் என்றார் அவர். வெளிநாட்டில் சம்பாதித்தவன் சட்டைகூட இல்லாமல் தெருமுக்கில் நிற்பதா என்று சொந்தமெல்லாம் சேர்ந்துகொண்டது. ஃபிளக்ஸ்காரர் பதறவே இல்லை. அவரிடம் கோட்டு சூட்டு போட்ட உடம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. அந்த வட்டாரத்தில் செத்தவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பொன்னுச்சாமியின் தலையைக் கழுத்தோடு எடுத்து, தலைக்கட்டை நீக்கிக் கொஞ்சம் முடி வைத்து, நீலக் கோட்டுக்குள் இறக்கினார். பின்னால் ஒரு உயரமான கட்டடம், அதற்குப் பின்னால் மேகம். கண்ணீர் அஞ்சலி. கோட்டுக்காரர் எதையோ பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் பாக்கெட்டில் இருந்தன.

பொன்னுச்சாமியின் மனைவி பஞ்சவர்ணம் அன்றுதான் வீரபாண்டியோடு பேசினாள். "கோட்டுல நல்லாத்தான் இருக்காக தம்பி" என்றாள். ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜோதிமணி ஒருநாள் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, முழுப்படமும் நான் வச்சிருக்கேன். நீங்க அனுப்புனது, உங்க விரலோட. ஒண்ணு கேக்கணும். அப்பா கையில இருக்குறதப் பாத்துச் சிரிக்கிறாருல்ல. முத்த மொதமொதப் பாத்த சந்தோசமா?"

வீரபாண்டி யோசித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"அது முத்து இல்லம்மா."

"பின்ன?"

"முத்து வாங்க ஆள் அனுப்புனாங்க, அவன் டிராபிக்ல மாட்டிக்கிட்டான். படக்காரரு கத்துறாரு. கடைசில துணி மாத்துற ரூம்ல அலமாரிக்குள்ள கெடந்த அந்துருண்டைய எடுத்து அப்பா கையில வச்சுட்டாங்க. அப்பா மோந்து பாத்தாரு. 'ஏய் பாண்டி, இத எடுக்கவா கடலுக்குள்ள முங்குனாங்க, எங்க வீட்டு பீரோவுலயே கெடக்குமேடா'ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. அப்ப எடுத்ததுதான்."

மறுமுனையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு இல்லை என்றும் தெரிந்தது. வீரபாண்டி ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் விஷால் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. அந்த அறையில் செக்யூரிட்டி ஒருவர் டீ குடிப்பது அதுவே முதல் தடவை.

"ஹெட் ஆபீஸ்ல சட்டம் பாக்குறவங்க ஒரு பாயின்ட் எழுப்பியிருக்காங்க, பாண்டி. இறந்துபோனவரோட படத்த டிஸ்ப்ளேல வைக்கணும்னா குடும்பத்தோட சம்மதம் வேணுமாம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தரணும்."

"படத்துல இருக்குறது பொன்னுச்சாமி இல்லன்னு சொன்னீங்களே சார்."

"விசிட்டருக்கு இல்ல. சட்டத்துக்கு ஆமா."

டீ சூடாக இருந்தது. விஷால் பேனாவை உருட்டினார்.

"அப்புறம், போன மாசம் கேமராவுல ஒரு பெரியவர் படமெடுக்குறது பதிவாகியிருக்கு. நீங்க கையத் தூக்கித்தான் இருக்கீங்க. ஆனா அவரு எடுத்து முடிக்கிற வரைக்கும் அவருக்குத் தோதா நகந்து நகந்து தூக்கியிருக்கீங்க. நான் அதப் பெருசு பண்ணல."

வீரபாண்டி ரூமுக்குப் போய் ஜோதிமணியைக் கூப்பிட்டார். கேமரா விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

"போடுறேன் சித்தப்பா" என்றாள் உடனே. "அங்கயாச்சும் கோட்டு இல்லாம இருக்கட்டும். கீழ என்னமோ பலகை இருக்குன்னு சொன்னீங்கள்ல. அதுல அப்பா பேரப் போடச் சொல்லுங்க. பொன்னுச்சாமின்னு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம்."

இதை விஷாலிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "எனக்கும் ஆசைதான், பாண்டி. ஆனா பேரு போட்டா அது ஹெரிடேஜ் ஆகாதே."

அன்று மாலை வீரபாண்டி அதை ஊருக்குச் சொன்னார்.

"அப்ப எறக்கச் சொல்லுங்க சித்தப்பா."

"சரிம்மா" என்றார் வீரபாண்டி.

படத்தை இறக்கினார்கள். மூன்றாம் கூடத்தின் கடைசிச் சுவர் கொஞ்ச நாள் திரை போட்டு மூடியிருந்தது. வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று வீரபாண்டி பெட்டியைக்கூட அடுக்கி வைத்துவிட்டார். தூக்கவில்லை. திரையை விலக்கிய நாளில் விஷாலே வந்து தோளில் கை வைத்தார். சுவருக்கு முன்னால் தடித்த பலகையில் வெட்டிய ஓர் ஆள் நின்றான். இடுப்பில் வெள்ளைத் துண்டு, கழுத்தில் வலைக்கூடை, மூக்குக் கவ்வி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓட்டை. பின்னால் போய் நின்று ஓட்டைக்குள் முகத்தை வைத்தால் யார் வேண்டுமானாலும் முத்துக் குளிப்பவர் ஆகலாம். தரையில் இரண்டு பாதம் வரைந்து, 'இங்கே நின்று படமெடுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். வாசல் பலகையிலும் மூன்றாம் கூடத்துக்கு மட்டும் குறுக்குக்கோட்டை அழித்துவிட்டார்கள்.

"முகம் இல்லைன்னா சம்மதம் தேவையில்லையாம்" என்றார் விஷால். "இனிமே உங்க டூட்டி இங்கதான். கெஸ்ட் யாரு கேட்டாலும் நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். கொஞ்சம் சிரிக்க வைங்க. உங்களுக்குத்தான் ஃபோட்டோல அனுபவம் இருக்கே."

வீரபாண்டி பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். இடது முழங்காலில், பொன்னுச்சாமி சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அப்படியே இருந்தது. கையை விரித்தபடி, உள்ளங்கையில் உருண்டை.

கௌஸ் முகம்மதுவிடம் சொன்னபோது அவர் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "தலைய ஊர்க்காரன் கோட்டுல சொருகிட்டான். ஒடம்ப இவன் பலகையில அறைஞ்சுட்டான்" என்றார். கத்தரிப்பதை நிறுத்தவில்லை.

ஜோதிமணி கேட்டாள், எறக்கிட்டாங்களா சித்தப்பா என்று. எறக்கிட்டாங்கம்மா என்றார்.

ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. பேச்சு தமிழ், ஆனால் குழந்தை ஆங்கிலத்தில்தான் பேசியது. அப்பா ஃபோனை வீரபாண்டியிடம் நீட்டினார். "அண்ணா, ஒண்ணு எடுத்துக் குடுங்க. இஃப்பத், கம், ஃபேஸ் உள்ள வை." அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஓட்டை எட்டவில்லை. அப்பா பின்னால் போய்த் தூக்கிப் பிடித்தார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் வெளியே வந்தது, பயந்துபோய், விசாவுக்கு நிற்பது மாதிரி.

"ஸ்மைல், பேபி" என்றாள் அம்மா. அது சிரிக்கவில்லை.

வீரபாண்டி ஃபோனைத் தூக்கினார். திரையில் பொன்னுச்சாமியின் தோளும் நெஞ்சும் தழும்பும் தெரிந்தன.

"பாப்பா, அந்தக் கையில இருக்குல்ல, அது என்னன்னு தெரியுமா?"

"பேர்ல்" என்றது.

"இல்ல. அந்துருண்டை. உங்க வீட்டு பீரோவுல துணிக்கு நடுவுல போடுவாங்கள்ல, பூச்சி வராம, அது."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு கணம் கழித்து அந்த முகம் சுருங்கி, வாய் திறந்து, சிரித்தது. முன்பல் இரண்டு விழுந்திருந்தன.

வீரபாண்டி அழுத்தினார்.

குழந்தையின் அப்பா வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தார். "ஆடிருச்சுண்ணா. இன்னொண்ணு எடுங்க" என்றார்.

இன்னொன்று எடுத்தார். அதுவும் ஆடியிருந்தது.